பச்சைப் புல்லும் ஒரு புகாரும்

க்ளெனிஸ் பாஸ்கோவின் சமையலறை ஜன்னலில் நின்றால் புல்லைத் தவிர வேறொன்றும் கண்ணில் படாது. கோரம்பரா என்ற சிற்றூருக்கு மேற்கே அந்தச் சரிவில் மழைக்குக் குறைவில்லை. அவள் கணவன் ஐவர் பால்மாடுகளுக்காகப் பார்த்துப் பார்த்து விதைத்த புல் அது. ஐவர் இறந்துபோனான், மாடுகள் விலைக்குப் போயின, பால் கறக்கும் கொட்டகையில் எலி குடியேறியது. புல் மட்டும் எதையும் பொருட்படுத்தாமல் ஒவ்வொரு வசந்தத்திலும் கொழுகொழுவென்று கிளம்பி வந்தது.

அந்தப் புல்லைப் பார்த்துத்தான் மெல்பர்னிலிருந்து ஆட்கள் வந்தார்கள். வாரம் முழுக்க அலுவலகம், ஞாயிற்றுக்கிழமை ஒரு சவாரி என்று வாழ்கிறவர்கள். குதிரையை விட்டுவைக்க அவர்களுக்கு ஓர் இடம் வேண்டும். "இந்தப் புல்லைப் பாருங்களேன்!" என்று இறங்கியதுமே சொல்வார்கள். க்ளெனிஸுக்கு அதைக் கேட்பதற்கு அலுத்ததே இல்லை. மேய்ச்சல் நிலத்தை மின்சாரம் ஓடும் வெள்ளை நாடாவால் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஓர் அடைப்புக்கு ஒரு குதிரை என்று விட்டாள். ஒன்றை ஒன்று உதைத்துக் காயப்படுத்திவிடக் கூடாதே என்பது சொந்தக்காரர்களின் கவலை. குளிருக்குப் போர்வை, ஈக்கு முகத்திரை, காலையில் கேரட், மாலையில் ஆப்பிள். "எங்க குதிரைங்களுக்குக் கொடுத்து வச்சிருக்கு க்ளெனிஸ்," என்பார்கள். அவளும் அப்படித்தான் நம்பினாள்.

அவள் பிறந்தது இந்தப் பச்சையில் இல்லை. வடக்கே மல்லீ என்கிற வறண்ட சீமையில். சிறுமியாக இருந்தபோது வந்த ஒரு பெரும் பஞ்சத்தில் அவளுடைய குதிரை வெறும் மண்ணை நக்கிக்கொண்டு நின்றதை அவள் பார்த்திருக்கிறாள். அப்பா துப்பாக்கியோடு கொல்லைப்பக்கம் போனபோது அம்மா அவள் காதைப் பொத்தியதும் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு வெறும் மண்ணைக் கண்டாலே அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பச்சை என்றால் உயிர், மண் என்றால் சாவு. இதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை, யாரும் மாற்றவும் முடியவில்லை.

பக்கத்து நிலத்தை நெவில் டெக்கர் வாங்கியபோது அவள்தான் முதல் ஆளாக எலுமிச்சைக் கேக்கோடு போய் நின்றாள். நெவில் மெல்பர்னில் டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவன். ஓட்டுநரோடு பேசக்கூடாது என்று எழுதிப் போட்டிருந்த காலமெல்லாம் அடக்கிவைத்திருந்த பேச்சை வேலியோரத்தில் கொண்டுவந்து இறக்குகிற ஆள். அவனிடம் மூன்று குதிரைகள். வந்த முதல் குளிர்காலத்திலேயே அவன் ஒரு காரியம் செய்தான். இயந்திரத்தை வரவழைத்து, வேலியோரமாக நிலத்தைச் சுற்றிப் புல்லை வழித்தெடுத்து, கல்லும் சரளையும் கொட்டி ஒரு பாதை போட்டான். நடுவில் இருந்த புல்லைக் கம்பி கட்டி அடைத்தான். குதிரைகள் மூன்றும் அந்தக் கல் பாதையில்தான் இருக்க வேண்டும். உலர்புல்லை வலைப்பையில் அடைத்து இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தொங்கவிட்டான். தண்ணீரோ மறுகோடியில்.

க்ளெனிஸ் தன் பக்கத்தில் நின்று பார்த்தாள். நடுவே முழங்கால் உயரத்துக்குப் பச்சைப் புல். கம்பிக்கு வெளியே கல்லில் மூன்று குதிரைகள்.

"நெவில், அதுங்க பசியில நிக்குதுங்க."

"பசி இல்ல க்ளெனிஸ், போர் அடிக்குது. போர் அடிச்சா நடக்கும். நடக்கட்டும்னுதான் இவ்வளவு கல்லையும் கொட்டி வச்சிருக்கேன்."

"கண்ணு முன்னாடி சாப்பாட்டை வச்சுட்டுக் கையைக் கட்டிப்போட்ட மாதிரி இருக்கு எனக்கு."

"அது சாப்பாடு இல்லீங்க, மிட்டாய்க் கடை. பால் கறக்கறதுக்குன்னு விதைச்ச புல்லு. அவ்வளவும் சர்க்கரை. உங்க பேரப் பிள்ளைங்களை மிட்டாய்க் கடைக்குள்ள விட்டு வெளியே பூட்டிட்டு வருவீங்களா?"

"என் வீட்டுக்காரர் விதைச்ச புல்லும் இதே புல்லுதான்."

"அதைத்தான் நானும் சொல்ல வர்றேன்," என்று நெவில் ஆரம்பித்தான். ஆரம்பித்தால் அவனுக்கு நிறுத்தம் கிடையாது. சர்க்கரை, நார், குளம்பு, பாலைவனத்துக் காட்டுக்குதிரைகள் என்று ஓடிக்கொண்டே இருந்தது. அவள் பாதியிலேயே வீட்டுக்கு வந்துவிட்டாள். ஐவரின் புல்லைக் குறை சொன்னது மட்டும்தான் காதில் நின்றது.

அதற்குப் பிறகு அவள் வேலிக்கு மேலே ஆப்பிள்களை எறிய ஆரம்பித்தாள். ஒருநாள் நெவில் கையும் களவுமாகப் பிடித்துவிட்டான்.

"உங்க பிரியத்தை உங்க வேலிக்குள்ளயே வச்சுக்கிட்டா நல்லா இருக்கும் க்ளெனிஸ்."

அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அவளுக்கு முகம் எரிந்தது. வசந்தம் தொடங்கிய ஒரு காலை, மழைத் தூறலில் அந்த மூன்று குதிரைகளும் சரளைமேல் நிற்பதைப் பார்த்துவிட்டு, தொலைபேசியை எடுத்து விலங்குவதைத் தடுப்பு அலுவலகத்தைக் கூப்பிட்டாள். மறுமுனையில் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டாள்.

"விலா எலும்பு வெளியே தெரியுதா?"

தெரியவில்லை. க்ளெனிஸுக்கு அது நன்றாகவே தெரியும். மூன்றும் ஒல்லியாக இருந்தன, அவ்வளவுதான்.

"தெரியுது," என்றாள். "பார்க்கவே முடியல."

ஒரு வாரத்துக்குள் அலுவலகத்தின் வெள்ளை வண்டி நெவிலின் கேட்டுக்குள் நுழைந்தது. க்ளெனிஸ் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்த்தாள். வண்டி வெகுநேரம் அங்கேயே நின்றது. பிறகு அது தன் வீட்டுக்கும் வரும் என்று எதிர்பார்த்து ஸ்கோன் என்கிற குட்டி ரொட்டிகளைச் சுட்டு, ஜாம் எடுத்து வைத்தாள். நல்ல காரியம் செய்தவளுக்கு யாராவது நன்றி சொல்ல வருவார்கள் என்கிற நினைப்பு.

வந்தது டெஸ் என்கிற இளம் அதிகாரி. பூட்ஸைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்தாள். ஒரு ஸ்கோன் சாப்பிட்டாள்.

"நெவில் குதிரைங்க நல்லா இருக்குங்க, க்ளெனிஸ். விலா எலும்பு கையை வச்சு அழுத்தினாத்தான் தட்டுப்படுது. அப்படித்தான் இருக்கணும். நீங்க போன்ல வேற மாதிரி சொல்லியிருந்தீங்க."

"தூரத்துல இருந்து பார்த்தப்போ..."

"ஆமா, தூரத்துல இருந்து பார்த்தா அப்படித் தெரியலாம்." டெஸ் அதைப் பெரிதுபடுத்தவில்லை. தட்டைத் தள்ளி வைத்தாள். "அவர் இடம் மேடா இருக்கா, அங்க நின்னு நானும் தூரத்துல ஒண்ணு பார்த்தேன். கீழ ஒரு செம்பழுப்பு மட்டக்குதிரை நிக்குதே, அது உங்களதா?"

கிளெமி. மகள் ஹெலன் சின்ன வயதில் ஏறித் திரிந்த மட்டக்குதிரை. ஹெலன் பெர்த் நகருக்குக் குடிபோன பிறகு க்ளெனிஸுக்குத் துணை என்று சொல்ல மிச்சமிருந்த ஒரே உயிர். அதற்குத்தான் நல்ல அடைப்பு, நல்ல புல், எல்லோரையும்விட அதிகக் கேரட்.

இருவரும் இறங்கிப் போனார்கள். கிளெமி முன்கால்களை முன்னால் நீட்டி, பின்னங்கால்களில் பாரத்தைப் போட்டு, சாய்ந்து நின்றது. டெஸ் அதன் பிடரிக்கு அடியில் கையை வைத்தாள். கொழுப்பு கட்டை மாதிரி திரண்டிருந்தது. குனிந்து குளம்பைத் தொட்டாள். பிறகு க்ளெனிஸின் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தாள். டீ ஊற்றி வைத்த கோப்பையைத் தொட்டது போலச் சுட்டது.

"எப்போ இருந்து இப்படி நிக்கிறா?"

"கொஞ்ச நாளா... வயசாச்சு, சோம்பலா நிக்கிறான்னு நினைச்சேன்."

"சோம்பல் இல்ல. வலி. குளம்புக்குள்ள சதை வீங்கியிருக்கு. உள்ள இருக்கிற எலும்பு நகத்தை விட்டுக் கழல ஆரம்பிச்சிருக்கலாம். இந்தச் சர்க்கரைப் புல்லை நிறைய மேஞ்சா இது வரும். இன்னிக்கே டாக்டரைக் கூப்பிடுங்க."

க்ளெனிஸ் குதிரையின் முகத்தைப் பார்த்தாள். தினமும் பார்த்த முகம். வாய் ஓரம் இறுகி, கண்ணுக்கு மேலே குழி விழுந்திருந்தது. இதை எப்படிப் பார்க்காமல் இருந்தேன் என்று கேட்டுக்கொண்டாள். கேரட் நீட்டியபோதெல்லாம் அது வாங்கிக்கொண்டதே, அது போதும் என்று இருந்துவிட்டாள்.

திரும்பி வரும் வழியில் டெஸ் இன்னோர் அடைப்பின் முன்னால் நின்றாள். அங்கே மானர்க் நின்றது. மெல்பர்னில் வழக்கறிஞராக இருக்கும் கரீனாவின் உயரமான பழுப்புக் குதிரை. வேலிக்கம்பத்தில் பல்லை ஊன்றிக் காற்றை இழுத்து விழுங்கிக்கொண்டிருந்தது. கம்பங்களின் தலையெல்லாம் அரிக்கப்பட்டு மெலிந்திருந்தன.

"கம்பத்துல சிவப்பா என்ன தடவியிருக்கீங்க?"

"கடிக்காம இருக்கட்டும்னு... மிளகாய்த்தூள். வாசலின்ல குழைச்சு..." சொல்லும்போதே அவளுக்குக் குரல் இறங்கியது.

"இவன்கூட யாரும் இல்லையா?"

"பக்கத்து அடைப்புல இருக்காங்களே."

"ஒருத்தரை ஒருத்தர் தொட்டுக்க முடியுமா?"

நாடாவில் மின்சாரம் ஓடும் சத்தம் டிக், டிக் என்று கேட்டது. டெஸ் கடுமையாக எதுவும் பேசவில்லை, என்னென்ன மாற்ற வேண்டும் என்று சொன்னாள், மறுபடி வந்து பார்ப்பேன் என்றாள். அவள் திட்டியிருந்தால் தேவலை என்று க்ளெனிஸுக்கு இருந்தது. அடுத்தவன் மேல் புகார் கொடுத்து அழைத்துவந்த அதிகாரி, அவள் வீட்டு ஸ்கோனைத் தின்றுவிட்டு, அவளுக்கே எச்சரிக்கை சொல்லிவிட்டுப் போகிறாள்.

மாலையில் கால்நடை மருத்துவர் வந்து குளம்பை எக்ஸ்ரே எடுத்தார். எலும்பு லேசாகத் திரும்பியிருந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஊசி போட்டு உயிரை முடிக்க வேண்டியிருக்கும் என்றார். குளம்புக்கு மெத்தை கட்டினார். "இவளை இந்தப் புல்லை விட்டு உடனே எடுக்கணும். மணலோ சரளையோ இருக்கிற இடம். தனியா நிறுத்தாதீங்க, துணை வேணும்." சுற்றிலும் பார்த்தார். க்ளெனிஸின் நிலத்தில் புல் இல்லாத இடம் என்று பழைய பால்கொட்டகையின் சிமெண்ட் தளம்தான் இருந்தது. "நெவிலைக் கேளுங்களேன். அவர்கிட்ட எல்லாம் தயாரா இருக்கு."

மருத்துவரின் வண்டி போன பிறகும் அவள் கொஞ்ச நேரம் கிளெமியோடு அந்தக் கொட்டகையிலேயே உட்கார்ந்திருந்தாள். அவள் எழுந்து போவதற்குள் நெவிலே வந்துவிட்டான். வேலியைத் தாண்டி, சேற்றைப் பற்றிக் கவலைப்படாமல், கோபத்தில் காது சிவந்து.

"பார்த்தீங்களா அநியாயத்தை? என் குதிரைங்க பட்டினி கிடக்குதுன்னு யாரோ போன் பண்ணியிருக்காங்க. எலும்பு தெரியுதாம்! அந்தப் பொண்ணு எதுவும் இல்லைன்னு சொல்லிட்டா, அது வேற. ஆனா யாருங்க இப்படிப் பண்ணுவா? உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் க்ளெனிஸ்.

"நான் சொல்றேன். தீவனக்கடை மொய்ரா. போன மாசம் காஞ்ச புல்லு தூசியா இருக்குன்னு சண்டை போட்டேன். 'நீ உன் குதிரைக்குக் கல்லைத்தானே போடுற, தூசிக்கு என்ன'ன்னு கேட்டா. அவளாத்தான் இருக்கும். இல்லையா?"

மொய்ரா க்ளெனிஸின் பழைய சிநேகிதி. ஐவர் ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் இங்கே வந்து பால் கறந்தவள்.

"இருக்கலாம்," என்றாள் க்ளெனிஸ்.

ஒரு வார்த்தைதான். வாயை விட்டுப் போன பிறகு அதைப் பிடிக்க வழியில்லை. அப்போதுதான் நெவில், கொட்டகையில் நீட்டிய கால்களோடு நின்ற கிளெமியைக் கவனித்தான். கோபம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. மண்டியிட்டு உட்கார்ந்து கிளெமியின் காலை நீவினான். "அடடா, என்ன கண்ணு, ரொம்ப வலிக்குதா?" என்று குதிரையிடம் கேட்டான். அவளிடம், "நான் சொன்னேன் பார்த்தீங்களா" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் கேட்பான் என்று அவள் பல்லைக் கடித்துக் காத்திருந்தாள். கேட்கவே இல்லை.

மறுநாள் காலை கிளெமி நெவிலின் இடத்துக்குப் போனது. தன் கிழட்டுப் பெண்குதிரை டாட்டிக்குப் பக்கத்தில் மணலைத் தடிமனாகக் கொட்டி அவன் இடம் ஒதுக்கியிருந்தான். டாட்டி மூக்கை நீட்டி கிளெமியின் கழுத்தை மோந்தது. கிளெமி இத்தனை வருஷத்தில் க்ளெனிஸ் கேட்டிராத ஒரு மெல்லிய சத்தம் எழுப்பியது. அதற்கு எல்லாம் இருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்த அதே பிராணி.

க்ளெனிஸ் தினமும் காலையில் போய்க் குளம்புக்குக் கட்டு மாற்றினாள், சாணம் அள்ளினாள். நெவில் கூடவே நின்று உதவினான், கூடவே மொய்ராவையும் வைதான். "கோள்மூட்டி" என்றான், "முதுகுல குத்துறவ" என்றான். ஒவ்வொரு சொல்லையும் அவள் குனிந்தபடி வாங்கிக்கொண்டாள். சொல்லிவிடலாம் என்று வாய்வரை வரும். உடனே கிளெமியை என்ன செய்வான் என்ற பயம் வரும். அந்தப் பயத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள வசதியாக இருந்தது என்பதும் அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது.

இப்படியே ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் தீவனக்கடையில் அது நடந்தது. க்ளெனிஸ் குதிரைகள் நக்கும் உப்புக்கட்டிகளை அடுக்கியிருந்த அலமாரிக்குப் பின்னால் நின்றிருந்தாள். நெவில் உள்ளே வந்தது, மொய்ராவின் எதிரே போய் நின்றது எல்லாம் கேட்டது. கடையில் ஆட்கள் இருந்தார்கள்.

"என் மேல புகார் கொடுத்துட்டு எப்படிம்மா என் முகத்தைப் பார்த்து 'குட் மார்னிங்' சொல்றே?"

"என்ன புகார்? என்ன உளர்றே நெவில்?"

"போதும். ஊருக்கே தெரியும். குதிரைக்குப் புல்லை விக்கிற, கூடவே மனுஷங்களையும் காட்டிக்கொடுத்து விக்கிற."

மொய்ரா வாய்த்துடுக்கானவள், யாரையும் திருப்பி அடிக்கத் தெரிந்தவள். அன்றைக்குக் கல்லாப் பெட்டியைத் திறந்து திறந்து மூடினாள். செய்யாத குற்றத்துக்கு என்ன பதில் சொல்வது? நெவில் கதவை அறைந்துகொண்டு போனான். மற்றவர்கள் தரையைப் பார்த்தபடி சாமான்களை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். க்ளெனிஸ் கையில் உப்புக்கட்டியோடு அங்கேயே நின்றாள். கட்டி நழுவி விழுந்து உடைந்த பிறகுதான் வெளியே வந்தாள். மொய்ராவுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "அவன் கிடக்கிறான் விடு," என்றாள். மொய்ரா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியைத் தாங்க முடியாமல்தான் க்ளெனிஸ் சீக்கிரமே கிளம்பி வந்தாள்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் அவளுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. மூன்றாவது நாள் கடை திறக்கும்போதே போய் நின்றாள். மொய்ரா பின்புறக் கிடங்கில் புல்கட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"மொய்ரா, அது நான்தான்."

"எது நீதான்?"

"நெவில் மேல போன் பண்ணினது."

மொய்ரா எண்ணுவதை நிறுத்தினாள். முதலில் சிரித்தாள், விளையாட்டு என்று நினைத்து. பிறகு க்ளெனிஸின் முகத்தைப் பார்த்தாள்.

"அவன் வந்து என்னை அந்தப் பேச்சு பேசினானே, அப்போ நீ கடைக்குள்ளதானடி இருந்தே?"

"ஆமா."

"உப்புக்கட்டி பக்கம். கேட்டுக்கிட்டு. அப்புறம் வந்து எனக்குத் தண்ணி வேற எடுத்துக் கொடுத்தே."

"ஆமா."

"அந்தத் தண்ணியை நினைச்சாத்தான் எனக்கு வாந்தி வருது." மொய்ரா கையுறையைக் கழற்றினாள், மறுபடி மாட்டினாள். "அவன் உன்கிட்ட கேட்டானா, யாருன்னு?"

"கேட்டான். நீயான்னு கேட்டான். இருக்கலாம்னு சொன்னேன்."

அதைச் சொல்லாமலே விட்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை. ஆனால் பாதியைச் சொல்லி மீதியை மறைத்தால் மறுபடி ஒரு பொய்யோடுதான் வீட்டுக்குப் போக வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. மொய்ரா ஒரு கட்டை இழுத்துச் சரியாக அடுக்கினாள்.

"என்னை எல்லார் முன்னாடியும் கேட்டான்," என்றாள் கடைசியில். "நீயும் எல்லார் முன்னாடியும் சொல்லு. எனக்கு மட்டும் கிடங்குல வச்சுச் சொன்னா அது எதுக்கு ஆகும்? இப்போ போ. வேலை இருக்கு."

கோடை தொடங்குமுன் ஊர்த் தீயணைப்புத் தொண்டர்கள் தங்கள் கொட்டகையில் கூடித் தீயணைப்பு வண்டியைக் கழுவி, குழாய்களைச் சரிபார்ப்பது வழக்கம். வேலை முடிந்ததும் ரொட்டியில் சாசேஜ் இறைச்சியும் வெங்காயமும் வைத்து ஆளுக்கு ஒன்று. அந்தச் சனிக்கிழமையும் எல்லோரும் வந்திருந்தார்கள். நெவில் அடுப்புப் பக்கம் நின்று யாருக்கோ குளம்பைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தான். மொய்ரா தள்ளி, மரத்தடியில். ஒருவரும் அவளோடு பேசவில்லை என்பதை க்ளெனிஸ் பார்த்தாள்.

அவள் யாரையும் கையைத் தட்டி அழைக்கவில்லை. நெவிலுக்கு முன்னால் போய் நின்று, ஆனால் சுற்றி இருந்தவர்களுக்குக் கேட்கும்படி சொன்னாள்.

"நெவில், உன் மேல புகார் கொடுத்தது மொய்ரா இல்ல. நான். எலும்பு தெரியுதுன்னு பொய் சொன்னேன். நீ கேட்டப்போ மறைச்சேன். மொய்ராவா இருக்கலாம்னும் சொன்னேன். அவளுக்கு இதுல சம்பந்தமே இல்ல."

வெங்காயம் அடுப்பில் கருகிக்கொண்டிருந்தது. நெவில் கையில் இருந்த ரொட்டியைப் பார்த்தான். ரொட்டியை மேஜையில் வைத்துவிட்டு மொய்ராவிடம் நடந்தான். தொப்பியைக் கழற்றி ஏதோ சொன்னான். மொய்ரா சரி என்பதுபோலத் தலையை ஆட்டினாள். பிறகு அவன் யாரையும் பார்க்காமல் வண்டியில் ஏறிப் போய்விட்டான். சுற்றி நின்றவர்கள் மெல்லக் குழாய்களைச் சுருட்ட ஆரம்பித்தார்கள். ஒரு குழாயின் நுனியைப் பிடிக்க க்ளெனிஸ் கை நீட்டினாள். அடுத்தவர் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

மறுநாள் கிளெமி கேட்டுக்கு வெளியே கட்டப்பட்டிருக்கும் என்று நினைத்துக் கயிறும் டிரெய்லருமாகப் போனாள். கேட் எப்போதும்போலத் திறந்திருந்தது. கிளெமி மணலில் நின்று வலையிலிருந்து புல்லை உருவிக்கொண்டிருந்தது. மணல் சுத்தமாக அள்ளப்பட்டிருந்தது. நெவில் வீட்டுக்குள் இருந்தான், வானொலிச் சத்தம் கேட்டது, வெளியே வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. அவள் வரும் நேரத்துக்கு அவன் உள்ளே போய்விடுவான் என்று ஆயிற்று. பேச்சுக்கு அவ்வளவு பசி எடுத்த மனிதன் அவளிடம் மட்டும் வாயை மூடிக்கொண்டான். அது அவளுக்குத் திட்டைவிட வலித்தது, ஆனாலும் குறை சொல்ல அவளுக்கு வாயில்லை. கிளெமிக்கு ஒரு குறையும் வைக்கவில்லையே அவன்.

அந்தக் கோடையில் அவள் ஐவரின் புல்லை வழித்தாள். நெவில் செய்தது போலவே ஓரமாகப் பாதை, சரளை, வலைப்பை. இயந்திரம் முதல் தடவை மண்ணைப் பிறாண்டியபோது அவள் உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்த்தாள், சத்தம் கேட்காமல் இருக்க. நாடாக்களைக் கழற்றிக் குதிரைகளைச் சேர்த்து விட முடிவு செய்து சொந்தக்காரர்களை அழைத்துச் சொன்னாள். இரண்டு பேர் யோசித்து ஒப்புக்கொண்டார்கள். கரீனா ஒப்புக்கொள்ளவில்லை.

"மண்ணுல நிக்கவா என் குதிரையை இங்க விட்டேன்? அதுவும் இன்னும் ரெண்டு முரட்டுக் குதிரைங்களோட? நீங்கதானே க்ளெனிஸ் சொன்னீங்க, தனியா இருந்தாத்தான் பத்திரம், பச்சைப் புல்லு இருந்தாத்தான் சந்தோஷம்னு."

"சொன்னேன். அது தப்பு, கரீனா. அவன் கம்பத்தைக் கடிக்கிறது பழக்கம் இல்ல. துணையில்லாம தவிக்கிறான். நான் அதுக்கு மிளகாய் தடவினேன்."

"இப்போ யாரோ ஏதோ சொன்னாங்கன்னு பேச்சை மாத்துறீங்க. வேண்டாம். மானர்க்குக்கு வேற இடம் பார்த்துட்டேன். நல்ல லாயம். தரையில ரப்பர் விரிச்சு, விசிறி போட்டு, தனி அறை. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் வெளியே விடுவாங்களாம்."

"மீதி நேரமெல்லாம்?"

"உள்ளதான். பத்திரமா."

கரீனாவுக்குக் குதிரைமேல் உயிர் என்பதில் க்ளெனிஸுக்குச் சந்தேகம் இல்லை. அதனால்தான் என்ன சொல்லியும் எடுபடவில்லை. தனக்கு இருந்த அதே பிரியம், அதே குருட்டுத்தனம். அதில் கொஞ்சத்தைக் கற்றுக்கொடுத்தவள் தான்தான் என்பதும் தெரிந்தது. டிரெய்லரில் ஏற மானர்க் மறுத்தது. இரண்டு பேர் இழுத்தும் நகரவில்லை. கடைசியில், வேறு யாரையும்விட அது நம்புகிற ஆள் என்று கரீனா க்ளெனிஸையே கேட்டுக்கொண்டாள். க்ளெனிஸ் கயிற்றை வாங்கினாள். அவள் நடந்ததும் மானர்க் அவள் பின்னாலேயே தலையைத் தாழ்த்தி ஏறிவிட்டது. கதவை மூடித் தாழ்ப்பாள் போட்டதும் அவள்தான். வண்டி திருப்பத்தில் மறைகிறவரை உள்ளிருந்து உதைக்கும் சத்தம் கேட்டது.

மற்ற இரண்டு குதிரைகளையும் சேர்த்துவிட்ட அன்று கடியும் உதையும் கத்தலுமாக இருந்தது. ஒரு வாரம் கழித்து அவை எதிரெதிரே நின்று ஒன்றின் முதுகை மற்றொன்று பல்லால் சொறிந்துகொண்டிருந்ததைப் பார்த்தாள். டெஸ் மறுபடி வந்து பார்த்துவிட்டு, "இது நல்லா இருக்கு," என்றாள். க்ளெனிஸ் மானர்க்கின் காலி இடத்தைப் பற்றிச் சொன்னாள். டெஸ் பெருமூச்சு விட்டாள். அந்த லாயத்தில் சட்டப்படி எந்தத் தவறும் இல்லை, அவளால் எதுவும் செய்ய முடியாது.

மொய்ராவின் கடைக்கு அவள் தொடர்ந்து போகிறாள். மொய்ரா சாமானை எடுத்துக் கொடுக்கிறாள், "வண்டியில ஏத்தவா?" என்று கேட்கிறாள். முன்பு போல வம்பு பேசுவதில்லை, டீ குடிக்கக் கூப்பிடுவதில்லை. ஈஸ்டருக்கு க்ளெனிஸ் கொண்டுபோன கேக்கை வாங்கிக்கொண்டாள். அந்த அளவில் நிற்கிறது.

கிளெமி இலையுதிர் காலத்தில் வலியில்லாமல் நடக்க ஆரம்பித்தது. வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்று க்ளெனிஸ் ஒருநாள் கயிறு மாட்டினாள். கேட்டைத் தாண்டியதும் அது திரும்பி நின்று டாட்டியைப் பார்த்துக் கனைத்தது. அங்கிருந்து டாட்டி கனைத்தது. மறுபடி கிளெமி. க்ளெனிஸ் சாலையில் நின்றாள். அவளுக்குக் கிளெமி வேண்டும், வீட்டில் வேறு யாரும் இல்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, திருப்பி உள்ளே கொண்டுவந்து கயிற்றைக் கழற்றினாள்.

வீட்டுக் கதவு திறந்தது. நெவில் படியில் வந்து நின்றான். மெலிந்திருந்தான்.

"அவ இங்கயே இருக்கட்டும்," என்றான். "வியாழக்கிழமை லாடக்காரர் வர்றார். அவ காலைப் பிடிச்சுக்க ஆள் வேணும். வந்துடுங்க."

"வர்றேன் நெவில்."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். க்ளெனிஸ் மண்வெட்டியை எடுத்து, பாதையில் கிடந்த சாணத்தை அள்ளத் தொடங்கினாள்.